செம்பு லோரிக்காரருக்கு, ஈயம் நம் பிள்ளைக்கா?



இந்தச் சுகாதாரப் பக்கத்தில் கொசுவைப் பற்றி எழுதினால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு, மருந்து தெளிக்கும் பெண்களின் கைக்கொப்புளம் என்று எழுதினாலும் சரி என்பார்கள். இந்த முறை பழைய டீவிப் பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். "டிரெசருக்கு வேற வேலை இல்லையா? டீவி ரிப்பேர்காரர் எழுத வேண்டியதை இவர் எழுதுறாரே" என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். வாரம் ஒரு தடவை லயம் பார்க்கப் போகிறவனுக்கு வீட்டின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் அதிகமாகக் கண்ணில் படும். அங்கே இப்போது என்ன கிடக்கிறது என்று நீங்களே போய்ப் பாருங்கள். கோழிக்கூண்டு, கால் உடைந்த நாற்காலி, மோட்டார் சைக்கிள் டயர், அதற்குப் பக்கத்தில் முகம் குப்புறக் கிடக்கும் ஒரு பெரிய டீவி.

டீவி என்றால் நமக்கு ஒரு பாசம் உண்டு. இந்த நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 டிசம்பர் 28ஆம் தேதி. கலர் வந்தது சரியாகப் பதினைந்து வருஷம் கழித்து, 1978 டிசம்பர் 28. தோட்டங்களில் முதலில் மண்டபத்திலோ கிளப்பிலோ ஒரே ஒரு பெட்டி இருக்குமாம். தமிழ்ப் படம் போடுகிற அன்றைக்குப் பாய் விரித்துத் தோட்டமே உட்கார்ந்திருக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிறகு மாதத் தவணையில் வீட்டுக்கு வீடு வந்தது. பால்மரம் சீவியும் செம்பனைக் குலை அறுத்தும் சேர்த்த காசில் வாங்கிய பொருள். அதற்கு ஓரம் தைத்த துணி உறை, மேலே பிளாஸ்டிக் பூ ஜாடி, பக்கத்தில் சாமிப் படம். அப்படி வைத்திருந்த பெட்டியைத் தூக்கி எறிய மனசு வராமல்தான் பலர் பின்பக்கம் கொண்டுபோய் வைக்கிறார்கள். அது எனக்குப் புரிகிறது. ஆனால் பின்பக்கம் வைத்த பொருள் அங்கேயே நிற்பதில்லை. மழை, வெயில், சின்னப் பிள்ளைகள், பழைய சாமான் லோரி என்று ஒவ்வொன்றாக அதைத் தேடி வரும்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டி உண்மையிலேயே செத்துப்போனதா என்று பார்த்தீர்களா? 2019ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதியோடு நாடு முழுவதும் பழைய அனலாக் ஒளிபரப்பு முடிவுக்கு வந்தது. அந்தச் சமயத்தில் பல வீடுகளில் திரையில் புள்ளி புள்ளியாக வந்ததைப் பார்த்துவிட்டு 'டீவி கெட்டுப்போச்சு' என்று முடிவு கட்டிவிட்டார்கள். மாறியது அலைதான், பெட்டி கெடவில்லை. ஒரு டிகோடரை வாங்கி மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரைச் சொருகினால் அந்தப் பழைய பெட்டியில் இன்றைக்கும் படம் தெரியும். வசதி குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் அப்போது டிகோடரை இலவசமாகவே கொடுத்தது. ஆகவே ஓடுகிற பெட்டியைக் குப்பை என்று சொல்லாதீர்கள். தனியாக இருக்கும் வயதானவர் வீட்டுக்குக் கொடுக்கலாம். ஜார்ஜ்டவுனில் லோரோங் கூலிட் சந்தைப் பக்கம் பழசைப் பழசாகவே வாங்கிப் பழுது பார்த்து விற்கிறவர்கள் உண்டு. ஆனால் ஓடாத பெட்டியைக் கோயிலுக்கோ பாலர் பள்ளிக்கோ 'தானம்' கொடுக்காதீர்கள். அது நம் வீட்டுப் பின்பக்கத்துக் குப்பையை அவர்கள் வீட்டுப் பின்பக்கத்தில் கொட்டுகிற வேலை.

இப்போது செத்த பெட்டிக்கு வருவோம்.

முதுகு புடைத்த பழைய டீவிக்குள் இருப்பது ஒரு பெரிய கண்ணாடிக் குடுவை. படக்குழாய் என்பார்கள். பெட்டியின் எடையில் பாதிக்கு மேல் அந்தக் கண்ணாடிதான். குடுவைக்குள் காற்றே கிடையாது, உறிஞ்சி எடுத்துவிட்டு அடைத்திருப்பார்கள். உள்ளே ஒன்றுமில்லை என்பதால் வெளிக்காற்று அதை எல்லாப் பக்கமும் நெருக்கிக்கொண்டே இருக்கிறது. 21 அங்குலத் திரையின் முகத்தை மட்டும் கணக்குப் போட்டால் ஒரு டன்னுக்கும் மேலான அழுத்தம். கழுத்துப் பக்கம் கண்ணாடி மெலிசு. அதில் சுத்தியலால் தட்டினால் குடுவை உள்நோக்கி நொறுங்கி, சில்லுகள் எதிர்ப்பக்கமாகத் திரும்பிப் பறக்கும். இன்னொன்று, ஓடும்போது அந்தக் குழாயில் இருபதாயிரம், இருபத்தைந்தாயிரம் வோல்ட் மின்சாரம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கொஞ்சம் தங்கி நிற்கும். விவரம் தெரியாதவன் திறந்து கை வைக்கக் கூடாது.

கண்ணாடியில் ஈயம் ஏன் வந்தது? படம் காட்டும்போது குழாய்க்குள் எக்ஸ்ரே கதிர் கொஞ்சம் உண்டாகும். அது பார்க்கிறவர் மேல் படாமல் தடுக்கத்தான் கண்ணாடியோடு ஈயத்தைச் சேர்த்து உருக்கினார்கள். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் கனமான அங்கி போட்டுக்கொள்கிறார்களே, அதே காரணம். ஒரு பெட்டியில் ஒன்றிரண்டு கிலோ ஈயம் வரை இருக்கும், பெரிய பெட்டியானால் அதற்கும் மேல். சர்க்கியூட் பலகையில் பற்றவைத்த பொடியும் ஈயமும் வெள்ளீயமும் கலந்ததுதான். திரையின் உள்பக்கம் ஒரு தூள் பூசியிருக்கும். ரொம்பப் பழைய கலர் பெட்டிகளில் அந்தத் தூளில் கட்மியமும் உண்டு.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் டீவியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முழுசாக இருக்கும் பெட்டி யாரையும் ஒன்றும் செய்யாது. ஈயம் கண்ணாடியோடு கண்ணாடியாகக் கலந்து கிடக்கிறது, தொட்டால் கையில் ஒட்டாது. உடைத்து, மிதித்து, தூளாக்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. குப்பைமேட்டில் புளித்த தண்ணீர் அந்தச் சில்லுகளில் வருஷக்கணக்கில் ஊறும்போது ஈயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியே வரும்.

சரி, யார் உடைக்கிறார்கள்? ஏன் உடைக்கிறார்கள்? இங்கேதான் வியாபாரம் வருகிறது. 'பேப்பர் லாமா, பெசி புரோக்' என்று ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு லோரி வருகிறது. அந்த லோரிக்காரரை நான் குறை சொல்ல வரவில்லை, அவரும் நம்மைப்போல் அன்றாடம் பிழைக்கிறவர். பழைய பேப்பரையும் தகரத்தையும் அவர் எடுத்துப் போகாவிட்டால் நம் லயம் நாறிப்போகும். ஆனால் டீவி விஷயம் வேறு. டீவியில் காசு எங்கே இருக்கிறது? குழாயின் கழுத்தைச் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருளில் இருக்கிறது, வயரில் இருக்கிறது, பலகையில் இருக்கிறது. கண்ணாடியில் காசு இல்லை. ஒரு காலத்தில் பழைய குழாய்க் கண்ணாடியை உருக்கிப் புதுக் குழாய் செய்தார்கள், அப்போது அதற்கும் விலை இருந்தது. உலகம் முழுவதும் தட்டை டீவிக்கு மாறியதும் குழாய்த் தொழிற்சாலைகள் மூடிப்போயின. இன்றைக்கு அந்த ஈயக் கண்ணாடியை ஒழுங்காக அப்புறப்படுத்த எதிர்ப்பணம் கட்ட வேண்டும். காசு செம்பில், விஷம் கண்ணாடியில், இவ்வளவுதான் கணக்கு. செம்பைப் பிடுங்கிக்கொண்டு கண்ணாடியைச் செம்பனை மரத்தடியிலோ காணோரத்திலோ போட்டுவிட்டுப் போனால் லாபம். ஒழுங்காகச் செய்தால் நட்டம்.

லோரிக்காரர் மட்டுமல்ல, நம்ம பையன்களும் செய்கிறார்கள். பள்ளி விடுமுறையில் நாலு பேர் சேர்ந்து இரண்டு பெட்டியை உடைத்தால் கைச்செலவுக்குக் கொஞ்சம் வெள்ளி கிடைக்கும். அப்படி உடைத்த ஒரு பையனைக் கண்ணைப் பொத்தியபடி என் கிளினிக்குக்குத் தூக்கி வந்தார்கள். கண்ணின் வெள்ளைப் பகுதியில் சில்லு. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம், கண் தப்பியது. அவன் அம்மா அழுதுகொண்டே கேட்டார், "எவ்வளவுங்க கெடைக்கும் அந்தக் கம்பிக்கு?" பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கண்ணில் குத்திய சில்லு தெரிகிறது, உடனே ஓடி வருகிறோம். ஈயம் அப்படி இல்லை. உடைத்த இடத்தில் தூள் மண்ணோடு கலந்துவிடும். அந்த மண்ணில் தவழும் பிள்ளை கையை வாயில் வைக்கும். கோலிக்குண்டு எடுக்கும், மாங்காயைக் கழுவாமல் கடிக்கும். பெரியவர் குடலைவிடச் சின்னப் பிள்ளையின் குடல் உள்ளே போன ஈயத்தை நாலைந்து மடங்கு அதிகமாக இழுத்துக்கொள்ளும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த பிள்ளையானால் இன்னும் அதிகம். நம் லயத்துப் பிள்ளைகளில் சோகை பிடித்தவர்கள் எத்தனை பேர் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, காலையில் வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளை நீங்களே பார்க்கிறீர்கள். ஆக, ஈயம் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. பசித்த வயிற்றைத்தான் அது முதலில் தேடிப்போகும்.

உடம்புக்குள் போன பிறகு நடப்பது இன்னும் மோசம். உடம்பு ஈயத்தைச் சுண்ணாம்பு என்று நினைத்து ஏமாந்து எலும்பிலும் பல்லிலும் சேர்த்து வைக்கும். வருஷக்கணக்கில் அங்கேயே தங்கும். அந்தப் பிள்ளை பெண்ணாக இருந்து, வளர்ந்து, கல்யாணமாகிக் கர்ப்பமாகும்போது எலும்பிலிருந்து சுண்ணாம்போடு சேர்ந்து ஈயமும் இரத்தத்துக்கு இறங்கி வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். பாட்டி வீட்டுப் பின்பக்கத்தில் உடைத்த டீவி பேரப்பிள்ளையின் இரத்தத்தில் வந்து நிற்கலாம் என்றால் பாருங்கள்.

அடையாளம் என்ன என்று கேட்பீர்கள். அதுதான் கஷ்டம். முகம் வெளுத்துப்போகும், வயிறு வலிக்கும், மலம் கட்டும், சாப்பாடு பிடிக்காது, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழும், படிப்பில் கவனம் நிற்காது. இதில் எதைப் பார்த்து ஈயம் என்று சொல்வது? பூச்சி மருந்து கொடுப்போம், இரும்பு மாத்திரை கொடுப்போம். வாத்தியார் 'மந்தம்' என்பார், அப்பா 'சோம்பேறி' என்பார். இரத்தத்தைப் பரிசோதித்தால்தான் தெரியும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. 100 மில்லி இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்று 2021இல் உலகச் சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. நஞ்சு ரொம்ப ஏறிவிட்டால் அதை வெளியேற்ற மருந்து உண்டு. ஆனால் மூளையில் நடந்த சேதத்தை அந்த மருந்து சரி செய்யாது. போனது போனதுதான்.

அடுத்தது தீ. வயரின் ரப்பரை உரிக்கச் சோம்பல்பட்டுக் கொளுத்திவிடுகிறார்கள். சாயங்காலம் குப்பை கொளுத்துவது போலத்தானே என்று நினைக்கிறார்கள். இல்லை. அந்தப் பிளாஸ்டிக் எரியும்போது மூக்கையும் தொண்டையையும் அரிக்கும் அமிலப் புகை வரும், கூடவே டையாக்சின் என்னும் நஞ்சும் உண்டாகும். செம்பு பக்கத்தில் இருந்தால் அந்த நஞ்சு இன்னும் சுலபமாக உருவாகும். புகை போய்விடும், நஞ்சு போகாது. புல்லில் இறங்கும், மண்ணில் இறங்கும், அதைக் கொத்துகிற கோழிக்குள் போகும். ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் தலைநகர் ஆக்ராவில் அக்போக்புளோஷி என்று ஓர் இடம் இருந்தது. உலகத்தின் பழைய டீவியும் கம்ப்யூட்டரும் போய்ச் சேர்ந்து, பையன்கள் வயர் கொளுத்திச் செம்பு எடுத்த இடம். 2021இல் அரசாங்கம் அதை இடித்துவிட்டது. அதற்கு முன்பு 2019இல் வெளிவந்த ஒரு சோதனையில், அங்கே மேய்ந்த கோழிகளின் முட்டையில் டையாக்சின் மிகக் கடுமையான அளவில் இருந்தது தெரிந்தது. நம் வீட்டுக் கோழியும் பின்பக்கத்தில்தான் மேய்கிறது. நாட்டுக்கோழி முட்டை என்று ஆசையாகப் பிள்ளைக்குத்தான் கொடுக்கிறோம். திறந்த வெளியில் எரிப்பதைச் சட்டமும் தடுக்கிறது என்பது வேறு விஷயம்.

கொசுவைப் பற்றி ஒரே வரி, இல்லாவிட்டால் இந்தப் பக்கத்தை நான் எழுதியதாக யாரும் நம்ப மாட்டீர்கள்: பின்மூடி கழன்ற டீவிக் கூட்டில் மழைத்தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசுவுக்கு அது மாளிகை.

ஜார்ஜ்டவுனிலும் பாயான் லெப்பாஸிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளிடமும் பேச வேண்டும். தோட்டத்தில் பிறந்து தொழிற்சாலைக்குப் போன தலைமுறை. புது டீவி வாங்கினால் பழையதை அப்பா அம்மாவுக்கு அனுப்புவது ஒரு வழக்கம். அனுப்ப முடியாதவர்கள் பிளாட்டுக்குக் கீழே குப்பைத்தொட்டி ஓரமாக இரவில் வைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். காலையில் பார்த்தால் இல்லை, நிம்மதி. எங்கே போனது? தீவின் வீட்டுக் குப்பை பத்து மாவுங் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து கடல் வழியாக இக்கரைக்கு வந்து, நிபோங் திபால் பக்கம் புலாவ் பூரோங் குப்பைமேட்டில் சேருகிறது. அதற்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? 2022 ஜனவரி 12ஆம் தேதி அந்தக் குப்பைமேட்டில் தீப்பிடித்துப் பல நாள் புகைந்தபோது வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர்கள் பைராம் தோட்டத்துக் குடியிருப்பு மக்கள். நம் சனங்கள். அந்தத் தீ டீவியால் பிடித்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பட்டணத்தில் கண்ணுக்கு மறைந்த பொருள் எந்தப் பக்கம் வந்து இறங்குகிறது, அது எரிந்தால் எந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மூச்சுத் திணறுகிறார்கள் என்பது அந்த ஜனவரியில் வெட்டவெளிச்சமாகிவிட்டது. தம்பிமார்களே, தங்கைமார்களே, நீங்கள் பிளாட்டுக்குக் கீழே வைத்த பெட்டி உங்கள் அம்மா வீட்டுப் பக்கம்தான் வருகிறது.

அப்படியென்றால் எங்கேதான் கொடுப்பது? வழி இருக்கிறது, கொஞ்சம் அலைச்சலோடு. தீவில் இருப்பவர்கள் கொம்தாரில் இருக்கும் பினாங்கு மாநகர் மன்றத்தையும், பெருநிலத்தில் இருப்பவர்கள் பண்டார் பெர்டாவில் இருக்கும் செபராங் பிறை மாநகர் மன்றத்தையும் கேட்க வேண்டும். 'சிசா எலெக்ட்ரோனிக்' என்று மலாயில் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். குப்பையைத் தரம் பிரிப்பதை 2016 ஜூன் முதல் தேதியிலிருந்து கட்டாயமாக்கிய மாநிலம் பினாங்கு, ஆகவே கேட்கிறவரை வினோதமாகப் பார்க்க மாட்டார்கள். எந்த நாளில், எந்த இடத்தில் வாங்குகிறார்கள், வீட்டுக்கு வந்து எடுப்பார்களா என்று கேட்டுக்கொண்ட பிறகே பெட்டியைத் தூக்குங்கள். சுற்றுச்சூழல் இலாகாவின் 'மை இ-வேஸ்ட்' என்னும் கைப்பேசிச் செயலியில் சேகரிப்பு இடங்களைப் பார்க்கலாம், வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்தால் பார்த்துச் சொல்லும். சூ ச்சி பௌத்த அறநிறுவனத்தின் தொண்டர்கள் பினாங்கில் பல இடங்களில் மறுசுழற்சிப் பொருள் சேகரிக்கிறார்கள், குழாய் டீவி எடுப்பார்களா என்று அவர்களையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். புது டீவி வாங்கும்போது பழையதை எடுத்துக்கொள்கிற கடைக்காரரும் உண்டு. பேரம் பேசும்போதே அதையும் பேசிவிடுங்கள், பணம் கட்டின பிறகு பேசினால் அவர் காதில் விழாது. பேரங்காடிகளில் வைத்திருக்கும் சின்னப் பெட்டி கைப்பேசிக்கும் சார்ஜருக்கும்தான், அதன் பக்கத்தில் டீவியைக் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

யாரிடம் கொடுத்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: "கண்ணாடி எங்க போகுது?" சுற்றுச்சூழல் இலாகாவின் லைசென்ஸ் உள்ள நிலையத்துக்குப் போகிறது என்றால் நல்லது. அங்கே குழாயின் காற்றடைப்பை முறையாக நீக்கி, முன்கண்ணாடியையும் ஈயம் நிறைந்த பின்கண்ணாடியையும் தனித்தனியாக அறுத்து, உள்தூளை உறிஞ்சி எடுக்கிறார்கள். பதில் இல்லாமல் சிரித்தால் அவரிடம் கொடுக்காதீர்கள், பத்து வெள்ளி அதிகம் தந்தாலும். செம்பை மட்டும் கழற்றி விற்றுவிட்டு மிச்சத்தை மாநகர் மன்றத்துக்குக் கொடுக்கலாமே என்று யோசிக்கிற கெட்டிக்காரர்களும் உண்டு. செய்யாதீர்கள். முழுப்பெட்டிக்குத்தான் மதிப்பு. அந்தச் செம்பின் காசுதான் கண்ணாடியைச் சுத்தம் செய்யும் செலவில் ஒரு பகுதியையாவது தாங்குகிறது.

தூக்கும்போது இரண்டு பேர் தூக்குங்கள். 21 அங்குலப் பெட்டி இருபது கிலோவுக்கு மேல் வரும், கனம் முழுக்கத் திரைப்பக்கம்தான். திரை உங்கள் நெஞ்சைப் பார்த்து இருக்கட்டும். வயரை வெட்டாதீர்கள், மூடியைத் திறக்காதீர்கள். வண்டியில் கம்பளியோ சாக்கோ விரித்துத் திரை கீழே இருக்கும்படி வையுங்கள்.

இனி என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். இவ்வளவு அலைச்சலையும் தொழிலாளி ஏன் பட வேண்டும்? 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிகளில் மின்கழிவுக்கு என்றே தனி எண் இருக்கிறது, அதில் படக்குழாய்க் கண்ணாடியைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். தொழிற்சாலைக்காரர் அதை வெளியே வீசினால் குற்றம். அதே கண்ணாடி லயத்துக்குப் பின்னால் கிடந்தால் கேட்பாரில்லை. 2011இல் தொடங்கி 2013 வரை ஜப்பானின் ஜைக்கா அமைப்பும் நம் சுற்றுச்சூழல் இலாகாவும் சேர்ந்து, வீட்டு மின்கழிவைச் சேகரிப்பது எப்படி என்று ஒரு மாதிரித் திட்டத்தைப் பினாங்கில்தான் நடத்திப் பார்த்தன. ஆகவே 'எப்படிச் செய்வதென்று தெரியவில்லை' என்று யாரும் சொல்ல முடியாது. ஜப்பானில் 2001 ஏப்ரல் முதல் டீவி, ஐஸ்பெட்டி, சலவை இயந்திரம், குளிர்சாதனம் ஆகியவற்றைக் கடைக்காரர் திரும்ப எடுக்க வேண்டும், செய்த கம்பெனி மறுசுழற்சி செய்ய வேண்டும் என்று சட்டம். இந்தியாவில்கூட 2012 மே மாதம் முதல் செய்தவர் பொறுப்பு என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அங்கே அது எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு, இருந்தாலும் பொறுப்பு யாருடையது என்பதையாவது எழுதி வைத்திருக்கிறார்கள். விற்று லாபம் பார்த்தவர் திரும்ப எடுக்கட்டும். நம் சங்கம் சம்பள உயர்வுக்குக் குரல் கொடுப்பது போல இதற்கும் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

சட்டம் வரும்வரை தோட்டத்திலேயே செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. மருந்து டின்னை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் காலி டின்னில் தண்ணீர் பிடித்துவைத்த வீடுகளும் உண்டு. இன்றைக்குக் காலி டின்னை மூன்று முறை அலசி, ஓட்டை போட்டு, பூட்டிய ஸ்டோரில் அடுக்கிக் கணக்கெழுதி அனுப்புகிற முறை தோட்டங்களில் வந்திருக்கிறது. மருந்து டின்னுக்கு ஸ்டோர் கிடைக்கும்போது டீவிக்கு ஒரு மூலை கிடைக்காதா? கூரை உள்ள, பிள்ளைகள் நுழைய முடியாத ஓர் அறை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோட்டத்து லோரியில் ஏற்றி மாநகர் மன்றம் சொல்கிற இடத்தில் இறக்குவது. குலை ஏற்றிக்கொண்டு தினமும் ஆலைக்குப் போகிற லோரிக்கு இது ஒரு பெரிய காரியமா? கிளைச் செயலாளர்கள் அடுத்த கூட்டத்தில் மானேஜரிடம் இதை எழுத்தில் கேட்கட்டும். வாய்ப்பேச்சு பெரட்டுக் களத்தோடு போய்விடும். சட்டம் 446 பற்றிப் பேசும்போது கூரையும் தண்ணீரும் மட்டும் பேசாமல், லயத்தின் பின்பக்கத்தையும் பேசுங்கள்.

தட்டை டீவி வைத்திருப்பவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். சுமார் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முந்திய எல்சிடி டீவிகளில் திரைக்குப் பின்னால் மெல்லிய விளக்குக் குழல்கள் இருக்கும், அவற்றில் கொஞ்சம் பாதரசம் உண்டு. பிந்தி வந்த எல்இடி வகையில் அது இல்லை. அப்படிப்பட்ட பழைய தட்டை டீவி உடைந்தால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, சன்னலைத் திறந்து, பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்துக் கெட்டி அட்டையால் சில்லுகளை வாரி மூடியுள்ள ஜாடியில் போடுங்கள். துடைப்பம் வேண்டாம், தூளைப் பரப்பிவிடும்.

குழாய் டீவியை ஏற்கெனவே உடைத்துவிட்ட வீடுகளும் இருக்கும். யாரையும் திட்டுவதற்காக எழுதவில்லை. கெட்டிக் கையுறையும் பூட்சும் போட்டுக்கொண்டு, இடத்தை முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டுச் சில்லுகளைப் பொறுக்குங்கள். காய்ந்த மண்ணைக் கூட்டாதீர்கள். சில்லுகளை இரட்டைப் பையில் கட்டி, 'டீவிக் கண்ணாடி' என்று எழுதி, முழுப்பெட்டி போகும் இடத்துக்கே அனுப்புங்கள். அந்தத் துணியைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். அந்த இடத்தில் கீரை போடாதீர்கள், கோழிக்கூண்டை மாற்றி வையுங்கள். ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை அங்கே விளையாடியிருந்தால், உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தோன்றினாலும் கிளினிக்குக்குக் கூட்டி வாருங்கள், இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தருகிறோம். அடுத்து லயம் பார்க்க வரும் நாளில் இடத்தையும் எனக்குக் காட்டுங்கள்.